வெளிவராத குரல்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஒலிப்பதிவு ரசனையின் வரலாறு

மறைந்த பாடகர் ஒருவரின் வெளிவராத பதிவு எங்கோ ஒரு பெட்டியில் கிடக்கிறது என்னும் செய்தி காதில் விழுந்த மாத்திரத்தில், அவர் உயிரோடிருந்தபோது வெளியிட்ட பாட்டுக்களையெல்லாம் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, இன்னும் கேளாத அந்த ஒன்றையே நாடி ரசிகர் மனம் ஓடுவது இன்று உலகெங்கும் காணப்படும் ஒரு விசித்திரமான மனோபாவம். 2016-இல் காலமான அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் பூட்டி வைத்துப்போன ஒலிநாடாக்களைப் பற்றிய ஆவல் இன்னும் அடங்கவில்லை. 2009-இல் மறைந்த மைக்கேல் ஜாக்சன் பெயரால் மறு ஆண்டு வெளிவந்த தொகுப்பில் மூன்று பாட்டுக்கள் அவர் பாடியவைதாமா என்ற விவாதம் பல்லாண்டு நீடித்து, 2022-இல் அவை இணைய இசைத் தளங்களிலிருந்து விலக்கப்படும் வரை சென்றது. எனினும் இம்மனோபாவத்தை மேல்நாட்டுக்கே உரியதென்று கருதுவதற்கில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடியில் அருகருகே அமைந்த இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டு ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த தென்பாண்டி வட்டாரத்தையும் எடுத்துக்கொண்டு நோக்கினால், இந்த ஏக்கம் மனித சுபாவத்தோடு பிறந்ததன்று என்பதும், ஒலிப்பதிவுக் கருவியே இதனை உண்டாக்கியது என்பதும், கருவி மாறுந்தோறும் இதன் உருவமும் மாறிவந்தது என்பதும் தெளிவாகும்.

1. பதிவுக்கு முந்திய நிலை

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதியில் நிகழும் அரையர் சேவையை முதலில் கவனிக்க வேண்டும். ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி முதலிய மிகச் சில திவ்ய தேசங்களிலேயே இன்று எஞ்சியிருக்கும் இந்தச் சம்பிரதாயத்தில், குல்லாய் தரித்துக் கையில் தாளம் ஏந்திய அரையர் திவ்யப் பிரபந்தப் பாசுரங்களை இசைத்து, அபிநயித்து, வியாக்கியானமும் சொல்லுகிறார். தந்தையிடமிருந்து மகனுக்கு என்று பரம்பரையாக வருகின்ற இவ்வித்தையில் ஒருவர் மறைந்தால் அவருடைய சாரீரம் மறைகிறதேயன்றி, பாடும் முறையும் பாடும் உரிமையும் மறைவதில்லை. அவை அடுத்தவரின் கண்டத்தில் உடனே குடியேறிவிடுகின்றன. ஆகவே முன்னவர் பாடியதைத் தனியே பிரித்தெடுத்துக் கேட்க வேண்டும் என்ற தாபம் இந்த ஏற்பாட்டினுள் எழுவதற்கே காரணமில்லை. கச்சேரி சங்கீதத்திலும் சிஷ்ய பரம்பரை இதே காரியத்தைச் செய்துவந்தது. குருவின் பாணியைச் சிஷ்யனிடம் கேட்டுத் திருப்தியுற்ற காலம் அது.

2. இசைத்தட்டும் கிட்டப்பாவும்

1902-இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியார் முதன்முதல் பதிவு செய்ததும், 1908-இல் அந்நகரிலேயே தட்டு உற்பத்தி தொடங்கியதும் இந்த நிலையை மாற்றின. தட்டில் ஒலிப்பது ஒரு பாணி மட்டுமன்று, ஒரு குறிப்பிட்ட மனிதரின் மூச்சு. ஒருவர் குரல் அவரைவிட்டுப் பிரிந்து நிற்க முடியும் என்ற அனுபவம் ஜனங்களுக்கு ஏற்பட்ட பிறகுதான், அக்குரலில் பதிவாகாது போனவை எவை என்ற கேள்வியும் பிறந்தது.

இதற்குத் தென்பாண்டி நாட்டில் எஸ். ஜி. கிட்டப்பாவைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் இல்லை. 1906-இல் அந்நாளைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த செங்கோட்டையில் பிறந்து, பால்யத்திலேயே நாடக மேடை ஏறி, கன்னையா கம்பெனியிலும் பின்னர் கே. பி. சுந்தராம்பாளோடு சேர்ந்த நாடகங்களிலும் கியாதி பெற்ற அவர், 1933 டிசம்பர் 2-ஆம் நாள் 27-ஆம் வயதிலேயே காலமானார். விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் தொட்டுத் தென்காசிக்குச் செல்லும் ரயில் பாதை 1927-இல் திறக்கப்பட்டது. அவருடைய புகழ் உச்சத்தில் இருந்த வருஷங்களில்தான் அவர் பிறந்த ஊர்ப்பக்கம் இவ்விரண்டு ஊர்களுக்கும் இவ்வாறு அண்மையில் வந்தது.

கிட்டப்பாவின் தமையனார் காசி ஐயர் ஹார்மோனியம் வாசிக்க, ஒலிபெருக்கியின் உதவியின்றியே கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டிய அந்த மேல் ஸ்தாயிச் சாரீரம் நாடக இரவுகளில் விருத்தமாகவும் ராகமாகவும் விரிந்தது. ரசிகர்களின் ‘ஒன்ஸ்மோர்’ குரலுக்கு இணங்கி மறுபடியும் மறுபடியும் வேறு வேறு சங்கதிகளோடு வளர்ந்தது. இசைத்தட்டின் ஒரு பக்கமோ சற்றேறக்குறைய மூன்று நிமிஷத்துக்குமேல் இடங்கொடாது. தேவாம்ருதவர்ஷிணியில் அவர் பாடிய ‘எவரனி’ என்னும் தியாகராஜ கீர்த்தனையின் தட்டைக் கேட்போருக்கு, குறிப்பாகத் தெலுங்கை வீட்டு மொழியாகக் கொண்ட ராஜுக்கள் மிகுந்த இராஜபாளையத்தில் சாகித்தியத்தையும் உணர்ந்து கேட்கக்கூடியவர்களுக்கு, அந்தச் சில நிமிஷங்கள் ஒரு பெரிய மாளிகையின் சாளரம்போலத் தோன்றியிருத்தல் இயல்பே. 1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்ப் பேசும் படம் தோன்றிவிட்டபோதிலும் கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லையாதலால், தட்டுக்களைத் தவிர அவர் குரலுக்கு வேறு சாட்சியம் அகப்படுவதில்லை. ரசிகரின் ஏக்கம் இக்காலத்தில் வெளிவராத பதிவைக் குறித்ததன்று. பதிவே ஆகாது காற்றோடு போன நாடக இரவுகளைக் குறித்தது. ஆதலால் அது தீர்வதற்கு வழியற்றதாகவும் இருந்தது.

3. ஒலிநாடாவும் நாகஸ்வரமும்

சென்னை வானொலி 1938-இலும், திருச்சி நிலையம் 1939-இலும், திருநெல்வேலி நிலையம் 1963-இலும் ஒலிபரப்பைத் தொடங்கின. இவற்றிற்கிடையே ஒலிநாடாக் கருவி பரவியதே நம் ஆராய்ச்சிக்கு முக்கியமான திருப்பம். தட்டு தயாரிப்பதற்குக் கம்பெனி வேண்டும், தொழிற்சாலை வேண்டும். நாடாவுக்கோ கருவி உடைய ஒரு தனி மனிதர் போதும். விலை உயர்ந்த அக்கருவி எல்லோர் வீட்டுக்கும் வரவில்லை. எனினும் 1936-இல் தொடங்கப்பட்ட இராஜபாளையம் மில் முதலான நூற்பாலைகளால் செல்வம் திரண்ட ஊர்களில் அதை வாங்கும் சக்தி சிலருக்கேனும் உண்டாகியிருக்கும் என்று ஊகிப்பது தவறாகாது. விற்பனைக்கென்று எடுக்கப்படாத, ஆயினும் உண்மையிலேயே இருக்கிற பதிவு என்ற புதிய வகை இவ்வாறு தோன்றியது.

இந்த வகைக்கு மிகவும் உரியது நாகஸ்வரம். கோயில் வீதிகளில் சுவாமி புறப்பாட்டின்போதும், கல்யாணப் பந்தல்களிலும் மணிக்கணக்காக வாசிக்கப்படும் அந்த வாத்தியத்தின் ராக ஆலாபனை தட்டுக்குள் அடங்குவதன்று. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு எத்துணைப் பிரசித்தி பெற்றதாயினும், அவர் தோடியின் அளவை அது காட்டாது என்பது அறிந்தோர் ஒருமுகமான கருத்து. 1956-இல் அவரும், ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் மூலம் சாமானிய ஜனங்களிடையேயும் புகழ் பெற்ற அவருடைய சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் 1964-இலும் மறைந்தனர். காருகுறிச்சியார் இறுதிக் காலத்தில் வசித்த கோவில்பட்டி நம் இரண்டு ஊர்களுக்கும் தொலைவில் இல்லை. அவருடைய கச்சேரிப் பதிவுகள் சில இன்றும் ரசிகரிடையே கைமாறி வருகின்றன. அவற்றில் தவிலின் முழக்கத்தோடு கூட்டத்தின் சலசலப்பும் கலந்தே கேட்கும். அறையில் எடுத்த சுத்தமான பதிவில் இல்லாத ஒரு பெருமை இந்த அசுத்தத்துக்கு உண்டாயிற்று. வித்துவான் கால நிர்ப்பந்தமின்றி, தம் மனப்போக்கில், எதிரில் இருந்தவர்களுக்காகவே வாசித்தார் என்பதற்கு அந்த இரைச்சலே அத்தாட்சி. வெளிவராத பதிவில் ரசிகர் நாடுவது இன்னொரு பாட்டை மட்டுமன்று, கலைஞரின் இந்தச் சுதந்திரத்தையும் என்பது இங்கே புலனாகிறது.

4. கேஸட்டின் காலம்

1963-இல் பிலிப்ஸ் கம்பெனியார் வெளியிட்ட கேஸட், 1980-க்குப் பின் தமிழ்நாட்டின் சிற்றூர்களையும் எட்டியபோது, சிலரது உடைமையாக இருந்த இந்த ரசனை பலருடையதாயிற்று. கையில் ஒரு பட்டியலோடு ரெக்கார்டிங் கடைக்குச் சென்று, வெற்று கேஸட்டில் வேண்டிய பாட்டுக்களைப் பதிந்து வாங்கும் வழக்கம் எவ்வூரிலும் பரவியது. சாஸ்திரிய சங்கீதத்தை விட்டுச் சினிமாப் பாட்டுக்கு இந்த ஆவல் இடம்பெயர்ந்ததும் இப்போதுதான். இளையராஜா இசையமைத்த ‘மணிப்பூர் மாமியார்’ என்ற படம் திரைக்கு வராமலே நின்றுவிட, அதன் பாட்டுக்கள் மட்டும் ஜனங்களிடம் வந்து சேர்ந்தன. 2011-இல் மலேசியா வாசுதேவனும், அதற்கு முந்திய ஆண்டில் ஸ்வர்ணலதாவும் மறைந்த பின்னர், நின்றுபோன படங்களில் அவர்கள் பாடியவை எவை என்ற தேடல் அபிமானிகளுக்கு ஒரு தனி வித்தையாகவே வளர்ந்தது. ஒவ்வொரு பிரதியிலும் குரல் மங்கி இரைச்சல் ஏறிய கேஸட்டுக்களில், மங்கலே அபூர்வத்தின் முத்திரையாயிற்று.

சட்டமும் இங்கே கவனிக்கத்தக்கது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியிடப்பட்ட ஆண்டை அடுத்து 60 ஆண்டுகளுக்கு நிலைக்கிறது. வெளியிடப்படாத பதிவுக்கு அந்தக் கணக்கே தொடங்குவதில்லை. வெளியான கிட்டப்பாவின் தட்டுக்கள் பொதுச் சொத்தாகிவிட்டிருக்க, அவர் காலத்துக்குப் பல்லாண்டு பின்னர் ஒரு வீட்டில் பதிந்து வெளிவராத நாடா உரிமைச் சிக்கலுக்குள்ளேயே கிடக்கும் விநோதம் இதனால் நேர்கிறது.

5. இயந்திரக் குரல்

2023-இல் பீட்டில்ஸ் குழுவினர், ஜான் லெனன் 1970-களின் இறுதியில் கேஸட்டில் பதிந்து வைத்த பாட்டிலிருந்து அவர் குரலை இயந்திர நுண்ணறிவால் பிரித்தெடுத்து நிறைவு செய்து வெளியிட்டனர். அங்கே குரல் உண்மை. துலக்கியது மட்டுமே இயந்திரம். 2024-இல் ‘லால் சலாம்’ படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மான், 1997-இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022-இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை இயந்திரத்தால் மீட்டமைத்ததோ முற்றிலும் வேறு காரியம். அவர்கள் ஒருபோதும் பாடாத பாட்டு அது. குடும்பத்தாரின் அனுமதி பெற்று ஊதியமும் அளித்ததாக அவர் அறிவித்தார். அதே ஆண்டு, தம் தந்தை எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலை ஒரு தெலுங்குப் படத்தில் அனுமதியின்றி இவ்விதம் உண்டாக்கியதற்காக அவர் புதல்வர் சரண் சட்ட அறிவிப்பு அனுப்பினார். ஆனால் அதே பாலசுப்பிரமணியம் 2020-இல் மறையுமுன் ‘அண்ணாத்த’ படத்துக்குப் பாடிவைத்து மறு ஆண்டு வெளிவந்த பாட்டை ஜனங்கள் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டனர். இம்மூன்று படங்களிலும் கேட்பது பழகிய குரலே. ஆனால் கடைசியாகச் சொன்னதில் மட்டுமே அவர் ஒரு நாள் நின்று பாடினார் என்ற நிகழ்ச்சி இருக்கிறது.

சிஷ்ய பரம்பரையும் குருவின் பாணியைத் தொடர்ந்து ஒலிக்கச் செய்ததுதானே என்று வாதிக்கலாம். சிஷ்யன் தன் பெயரால், தன் தவறுகளுக்குத் தானே பொறுப்பேற்றுப் பாடினான். இயந்திரம் மறைந்தவர் பெயரால் பாடுகிறது. நாடக இரவில் போனதற்கு ஏங்கியவரும், கச்சேரி நாடாவின் இரைச்சலைப் போற்றியவரும் நாடியது நடந்த ஒன்றை. நடவாத ஒன்று அந்தத் தாபத்தைத் தீர்க்காது.

ஆகவே இனிச் செய்யவேண்டியது, உண்மையான வெளிவராத பதிவுகளை இயந்திரப் படைப்புக்களினின்று பிரித்தறிய உதவும் சாட்சியங்களைத் திரட்டுவதேயாகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல் தோன்றிய பென்னிங்டன் நூலகமும், இராஜபாளையத்தைச் சேர்ந்த குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே அளித்ததால் அங்கே உருவான காந்தி கலை மன்றமும் புத்தகத்தையும் கலையையும் பொது உடைமையாக்கிய ஸ்தாபனங்கள். வீடுகளில் பூஞ்சை பூத்துக் கெட்டுவரும் நாடாக்களுக்கும் அத்தகைய இடங்களில் புகலிடம் கிடைக்குமாயின், ஒவ்வொன்றோடும் பாடியவர், பக்கவாத்தியம், இடம், ஆண்டு, பதிந்தவர் ஆகிய ஐந்து விவரங்களும் குறித்து வைக்கப்படுமாயின், வருங்கால ஆராய்ச்சியாளர் எதை நம்புவது என்று தடுமாற வேண்டியிராது.