எஃப்.ஓ.பி.: கடல் வணிகத்தில் பொறுப்பு கைமாறும் எல்லை

எஃப்.ஓ.பி. என்பது கடல்வழி விற்பனை ஒப்பந்தங்களில் விலையை அடுத்து எழுதப்படும் மூன்றெழுத்துக் குறிப்பு. வாங்குபவர் அமர்த்திய கப்பலில் சரக்கை ஏற்றும் வரை செலவும் சேதப் பொறுப்பும் விற்பவருடையவை, ஏற்றிய பிறகு இரண்டும் வாங்குபவருடையவை என்பது இதன் பொருள். இதற்கு அடுத்துப் பரவிய சி.ஐ.எஃப்., அதற்கும் பின்னால் வந்த எஃப்.சி.ஏ. முதலிய குறிப்புகளெல்லாம் இன்று இன்கோடெர்ம்ஸ் என்ற பன்னாட்டு விதித்தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. வணிகர்களில் பலர் இவற்றை விலையைச் சொல்லும் முறைகளாக மட்டுமே பார்க்கிறார்கள். கூலியும் கப்பல் வாடகையும் விலையில் சேர்ந்திருக்கின்றனவா இல்லையா என்பதோடு விஷயம் முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். ஆனால் இக்குறிப்புகளின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஒவ்வொரு குறிப்பும் அது தோன்றிய காலத்தில் சரக்கு யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த இடத்தில் போனதோ, அந்த இடத்தில் கிழிக்கப்பட்ட கோடு. கன்டெய்னர் வந்த பிறகு கைமாறும் இடம் கப்பலை விட்டு வெகுதூரம் உள்ளே வந்துவிட்டது. கோடு மட்டும் கப்பலிலேயே நிற்கிறது. இந்த இடைவெளியில் நேரும் நட்டம் பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில்தான் விழுகிறது.

தோற்றம்

பாய்மரக் கப்பல் காலத்தில் வாங்குபவரோ அவருடைய முகவரோ கப்பலை வாடகைக்கு அமர்த்தி, துறைமுகம் துறைமுகமாகச் சென்று சரக்கு வாங்குவது வழக்கம். கப்பல் அவருக்கு மிதக்கும் கிடங்கு. விற்பவர் தம் சரக்கைப் படகுகளில் ஏற்றிக் கப்பலின் பக்கத்துக்குக் கொண்டுவந்து, தம் செலவில் தளத்தில் இறக்கிவிட்டால் அவர் வேலை தீர்ந்தது. மேல்தளத்தில் நிற்கும் கப்பல் அதிகாரி மூட்டைகளை எண்ணிப் பார்த்து, கிழிசலோ நனைவோ இருந்தால் குறித்துக்கொண்டு மேட்ஸ் ரெசீப்ட் என்னும் சீட்டைக் கொடுப்பார். அந்தச் சீட்டு கைக்கு வந்த கணத்தில் சரக்கும் பொறுப்பும் ஒருசேரக் கைமாறின. எஃப்.ஓ.பி. இந்த நடைமுறையிலிருந்து எழுந்தது. 1812ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நீதிமன்றத்தில் இக்குறிப்பைப் பற்றிய வழக்கு தீர்க்கப்பட்டிருக்கிறது என்பதால், அதற்கு முன்பே அது சந்தையில் ஊன்றிவிட்டது தெளிவு. அந்தக் காலத்துக்கு அந்தக் கோடு முற்றிலும் நியாயமானது. சரக்கைக் கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளும் ஆள் கோட்டின் மறுபுறம் நின்றிருந்தார்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை மாறியது. நீராவிக் கப்பல்கள் குறித்த தேதியில் குறித்த துறைமுகங்களுக்கு ஓடத் தொடங்கின. 1866இல் அட்லாண்டிக் கடலடித் தந்தி நிலைபெற்றது; 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. வாங்குபவர் இனிக் கப்பலோடு போக வேண்டியதில்லை. ஊரில் இருந்தபடியே தந்தியில் கொள்முதல் செய்யலாம். கப்பலில் இடம் பிடிப்பதும் காப்பீடு எடுப்பதும் ஏற்றும் துறைமுகத்தில் இருக்கும் விற்பவருக்கே எளிதாயிற்று. சரக்கின் விலை, காப்பீடு, கப்பல் வாடகை மூன்றையும் சேர்த்துச் சொல்லும் சி.ஐ.எஃப். இப்படித்தான் பரவியது. பழைய இரும்புத் தண்டவாளங்களை ஜெர்மனியின் ஹார்பர்க் துறைமுகத்துக்கு விற்றது தொடர்பாக 1862இல் வந்த ஆங்கிலத் தீர்ப்பு, இறங்கும் ஊரின் பெயர் ஒப்பந்தத்தில் இருந்தாலும் வழிப்பயண ஆபத்து வாங்குபவருடையதே என்று நிறுவியது.

விலையும் பொறுப்பும் வேறுவேறு என்பதற்கு சி.ஐ.எஃப். தரும் சான்று வலுவானது. விற்பவர் சேரும் துறைமுகம் வரை வாடகை கட்டுகிறார். ஆபத்தோ ஏற்றும் துறைமுகத்திலேயே வாங்குபவருக்குப் போய்விடுகிறது. முதல் உலகப் போரில் இது கடுமையான சோதனைக்கு உள்ளாயிற்று. லண்டனுக்கு சி.ஐ.எஃப். முறையில் விற்கப்பட்ட ஸ்டார்ச்சும் சோளப்பாகும் ஏற்றிவந்த அல்கான்குவின் என்ற அமெரிக்கக் கப்பல் 1917 மார்ச் 12இல் மூழ்கடிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து விற்பவர் கப்பல் ஆவணங்களைக் கொடுத்துப் பணம் கேட்டார். சரக்கு கடலடியில் கிடந்தாலும், விற்பவருக்கே அது தெரிந்திருந்தாலும், முறையான ஆவணங்களைக் கொடுத்தால் பணம் பெறலாம் என்று 1919இல் நீதிபதி மெக்கார்டி கொள்கையளவில் தீர்ப்பளித்தார். ஆனால் அந்த வழக்கில் விற்பவர் தோற்றார். தந்திருக்க வேண்டிய காப்பீட்டுப் பாலிசியை அவர் தரவில்லை. எழுத்தில் போட்ட கோடும் அதற்குரிய காப்பீடும் எப்போதும் ஒன்றையொன்று தழுவி நிற்க வேண்டும் என்பதே இத்தீர்ப்பு விட்டுச்சென்ற பாடம்.

விதித்தொகுப்பு

ஒரே குறிப்பை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டது. அமெரிக்காவில் உள்நாட்டு ரயில் நிலையத்தில் வேகனில் ஏற்றுவதையும் எஃப்.ஓ.பி. என்றார்கள். 1941இல் திருத்தப்பட்ட அமெரிக்க வரையறைகள் எஃப்.ஓ.பி.க்கு மட்டும் ஆறு வகைகளைப் பட்டியலிட்டன. 1919இல் தொடங்கிய பன்னாட்டு வணிகச் சபை 1920களில் நாடுவாரியாக வழக்கங்களைத் திரட்டி ஒப்பிட்டு, 1936இல் முதல் இன்கோடெர்ம்ஸ் விதிகளை வெளியிட்டது. 1953, 1967, 1976, 1980, 1990, 2000, 2010, 2020 ஆகிய ஆண்டுகளில் அவை விரிவாக்கமோ திருத்தமோ பெற்றன. இவை எந்த நாட்டின் சட்டமும் அல்ல. ஒப்பந்தத்தில் எழுதினால்தான் பொருந்தும். இந்தியாவின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமும் எஃப்.ஓ.பி.யை வரையறுக்கவில்லை. எனவே எந்த ஆண்டின் விதி என்பதை எழுதாமல் விட்ட ஒப்பந்தம், தகராறு வரும்போது ஊகத்துக்கு இடம் தருகிறது.

கப்பல் விளிம்பு

நீண்ட காலம் எஃப்.ஓ.பி. கோடு கப்பலின் விளிம்பில் நின்றது. சரக்கு அந்த விளிம்புக்கு மேலே நீளும் கற்பனைச் செங்குத்துக் கோட்டைத் தாண்டியதும் ஆபத்து கைமாறும் என்பது விதி. இது எவ்வளவு செயற்கையானது என்பதை இந்தியாவோடு தொடர்புடைய ஒரு வழக்கு காட்டியது. இந்திய அரசு எஃப்.ஓ.பி. லண்டன் என்ற முறையில் தீயணைப்பு வண்டிகளை வாங்கியது. அவற்றை பம்பாய்க்கு ஏற்றிச்செல்ல சிந்தியா கம்பெனியின் ஜலாஜாத் கப்பலை அமர்த்தியதும் அரசுதான். ஒரு வண்டியைக் கப்பலின் பளுதூக்கி தூக்கியபோது, விளிம்பைத் தாண்டுவதற்கு முன்பே அது கீழே விழுந்து நொறுங்கியது. பழுதுபார்க்க 966 பவுண்டு ஆயிற்று. கோட்டைத் தாண்டாததால் நட்டம் விற்பவருடையது. அவர் கப்பல் கம்பெனியிடம் முழுத்தொகையைக் கேட்டார். கம்பெனியோ சரக்குப்போக்குவரத்து விதிகளில் உள்ள 200 பவுண்டு வரம்பைக் காட்டியது. கப்பலோடு ஒப்பந்தம் செய்தவர் வாங்குபவர்தான், எனக்கு அந்த வரம்பு பொருந்தாது என்ற விற்பவரின் வாதத்தை 1954இல் நீதிபதி டெவ்லின் ஏற்கவில்லை. ஏற்றுவது ஒரே தொடர்வேலை, அதன் நடுவே பொறுப்பைக் கத்திபோல் வெட்டிப் பிரிக்க முடியாது என்பது அவர் கருத்தின் சாரம். தாம் அமர்த்தாத கப்பல், தாம் இயக்காத பளுதூக்கி, தாம் பேசி முடிக்காத நிபந்தனை. நட்டம் மட்டும் விற்பவருக்கு. எஃப்.ஓ.பி.யின் அடிப்படைக் குறை இந்த ஒரு வழக்கிலேயே முழுதாகத் தெரிகிறது.

கன்டெய்னர்

1956 ஏப்ரல் 26இல் அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீனின் ஐடியல் எக்ஸ் கப்பல் 58 கன்டெய்னர்களுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதுவரை சில அடி தூரமாக இருந்த அந்தக் குறை பல நூறு கிலோமீட்டராக விரிவதற்கு அப்பயணம் தொடக்கமாயிற்று. 1983இல் சென்னைத் துறைமுகத்திலும் கன்டெய்னர் முனையம் செயல்படத் தொடங்கியது. இன்று திருப்பூரில் பின்னலாடை ஏற்றும் ஒருவருக்கு முழுக் கன்டெய்னர் அளவு சரக்கு இருந்தால், அதாவது எஃப்.சி.எல். என்றால், ஆலை வாசலிலேயே பெட்டியில் அடுக்கிக் கதவைச் சாத்தி சீல் வைத்துவிடுகிறார்கள். பெட்டி டிரெய்லரில் தூத்துக்குடி போய் யார்டில் இறங்குகிறது. அளவு குறைவான எல்.சி.எல். சரக்கு என்றால் சி.எஃப்.எஸ். என்னும் கன்டெய்னர் சரக்குக் கிடங்கில் வாங்குபவரின் ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பும் முகவர்) பெற்றுக்கொண்டு, பலருடைய சரக்கோடு சேர்த்துத் தாமே பெட்டியில் அடுக்குகிறார். இரண்டிலும் கப்பல் வரும் வரை பெட்டி முனையத்தின் வசத்தில் நாள்கணக்கில் கிடக்கும். யார்டுக்குள் போன பெட்டியை ஏற்றுமதியாளர் நினைத்தபோது திறந்து பார்க்க முடியாது. அது கப்பலேறும்போது அருகே நின்று பார்ப்பதற்கும் அவருக்கு இடமில்லை. ஆயினும் ஒப்பந்தத்தில் எஃப்.ஓ.பி. என்று எழுதியிருந்தால், இத்தனை நாளும் ஆபத்து அவருடையதே.

விதி வகுத்தவர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. 1980இல் கப்பல் கம்பெனியிடமோ ஃபார்வர்டரிடமோ சரக்கை ஒப்படைத்ததும் பொறுப்பு கைமாறும் என்ற புதிய குறிப்பைச் சேர்த்தார்கள். 1990இல் அது எஃப்.சி.ஏ. என விரிவுபெற்றது. 2010இல் எஃப்.ஓ.பி.யில் கப்பல் விளிம்பு என்ற அளவுகோலையே நீக்கி, கப்பலில் வைத்த பிறகே ஆபத்து மாறும் என்றார்கள். முனையத்தில் ஒப்படைக்கும் கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. ஏற்றதல்ல, எஃப்.சி.ஏ.வைப் பயன்படுத்துங்கள் என்றும் விதிநூல் அறிவுறுத்துகிறது. சந்தையின் பழக்கம் மட்டும் மாறவில்லை.

எதிர்வாதங்களும் விடைகளும்

முதல் எதிர்வாதம் நடைமுறை சார்ந்தது: எல்லோரும் எஃப்.ஓ.பி. என்றே எழுதுகிறார்கள், பெட்டிகள் போய்ச் சேர்கின்றன, என்ன கெட்டுவிட்டது? பெட்டி பத்திரமாகப் போகும் வரை எந்தக் கோடும் யாரையும் தொடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் யார்டும் டிப்போவும் ஆபத்தில்லாத இடங்கள் அல்ல. 2022 ஜூன் 4 இரவு வங்கதேசத்தின் சிட்டகாங் அருகே சீதாகுண்டாவில் ஒரு கன்டெய்னர் டிப்போவில் தீப்பிடித்து, ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்த பெட்டிகள் வெடித்தன. தீயணைப்பு வீரர்கள் உட்பட 50 பேர் அளவில் மாண்டார்கள். ஏற்றுமதிக்குக் காத்திருந்த ஆயத்த ஆடைகளும் எரிந்தன. அப்படிப்பட்ட இடத்தில் எரியும் சரக்கு எஃப்.ஓ.பி. முறையில் விற்கப்பட்டிருந்தால், விதிப்படி நட்டம் உற்பத்தியாளருடையது. வாங்குபவரின் காப்பீடு இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. இந்தியாவின் 1963ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டப்படி, சேதம் நேர்ந்த நேரத்தில் சரக்கில் நலன் உடையவரே இழப்பீடு பெற முடியும். ஆலை வாசல் முதல் கப்பல் தளம் வரை தனியே பாலிசி எடுக்காத ஏற்றுமதியாளர் அந்த நாட்களில் காப்பின்றி நிற்கிறார்.

இரண்டாவது எதிர்வாதம் வங்கியைப் பற்றியது. இதில் நீண்டகாலம் நியாயம் இருந்தது. எல்.சி. என்னும் வங்கிக் கடனுறுதிக் கடிதம் மூலம் பணம் வர வேண்டுமென்றால், சரக்கு கப்பலில் ஏறிவிட்டது என்ற குறிப்புள்ள பில் ஆஃப் லேடிங்கை, அதாவது கப்பல் கம்பெனி தரும் சரக்கு ஆவணத்தை, வங்கி கேட்கும். எஃப்.சி.ஏ.வில் விற்பவர் முனையத்தில் ஒப்படைப்பதோடு நின்றுவிடுவதால் அந்த ஆவணம் அவர் கைக்கு வருவது உறுதியாக இல்லை. பணத்தை இழப்பதைவிட ஆபத்தைச் சுமப்பது மேல் என்று ஏற்றுமதியாளர் கருதியதில் தவறில்லை. ஆனால் 2020 விதிகள் இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டன. அத்தகைய பில் ஆஃப் லேடிங்கை விற்பவருக்குக் கொடுக்கும்படி வாங்குபவர் கப்பல் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும் என்று இருதரப்பும் ஒப்பந்தத்திலேயே உடன்பட எஃப்.சி.ஏ. இப்போது வழி தருகிறது.

மூன்றாவதாக, ஷிப்பிங் பில் என்னும் ஏற்றுமதிச் சுங்கப் படிவத்தில் எஃப்.ஓ.பி. மதிப்பைத்தானே சுங்கத்துறை கேட்கிறது, ஏற்றுமதிப் புள்ளிவிவரமும் அதில்தானே இருக்கிறது என்பார்கள். அது மதிப்பைக் கணக்கிடும் அளவுகோல். இருவருக்கிடையே ஆபத்தைப் பங்கிடும் உடன்பாடு வேறு. எஃப்.சி.ஏ. விலையோடு கப்பலில் ஏற்றும் வரையான செலவைக் கூட்டினால் எஃப்.ஓ.பி. மதிப்பு கிடைத்துவிடும். இருநூறாண்டு வணிக வழக்கத்தை மாற்ற முடியாது என்பது நான்காவது வாதம். டெமரேஜின் வரலாறு இதை மறுக்கிறது. வாடகைக்கு அமர்த்திய கப்பலைக் குறித்த நாளுக்குள் ஏற்றி இறக்காமல் நிறுத்திவைத்தால் கப்பல்காரருக்குத் தரவேண்டிய பணமாகவே அது நெடுங்காலம் இருந்தது. கன்டெய்னர் வந்ததும், இலவச நாட்களுக்கு மேல் முனையத்தில் கிடக்கும் பெட்டிக்கு வசூலிக்கும் கட்டணமாகவும் அது விரிந்தது. வெளியே எடுத்துப்போன பெட்டியைத் தாமதமாகத் திருப்பித் தருவதற்கு டிடென்ஷன் என்று தனிக் கட்டணமும் பிறந்தது. கப்பல் கம்பெனிகளுக்குத் தேவைப்பட்டபோது வழக்கம் விரைவாகவே மாறியிருக்கிறது.

ஐந்தாவது வாதமே உண்மையில் கனமானது: பெரிய வாங்குபவர் நீட்டும் ஒப்பந்தத்தில் சிறிய ஏற்றுமதியாளர் கையெழுத்திடுகிறாரே தவிர, பேரம் பேசும் வலு அவருக்கு இல்லை. இதை மறுக்க முடியாது. ஆனால் இதே நிலை, எஃப்.சி.ஏ.வுக்கான வாதத்தை வலுப்படுத்தவும் செய்கிறது. ஃபார்வர்டரையும் கப்பலையும் தேர்ந்தெடுப்பவர் வாங்குபவர். அவர் நியமித்தவர் வசம் சரக்கு போன பின் பொறுப்பும் அவரோடு போவதே முறை. கடல்பயணத்துக்கு எப்படியும் பாலிசி எடுக்கும் அவர், அதையே முனையத்திலிருந்து தொடங்க ஏற்பாடு செய்துகொள்ள முடியும். இந்தக் கோரிக்கையைத் தனி வணிகரால் எழுப்ப முடியாதபோது, ஏற்றுமதியாளர் சங்கங்கள் மாதிரி ஒப்பந்தங்கள் வழியாக எழுப்பலாம்.

இன்றைய நிலை

எஃப்.ஓ.பி. காலாவதியான குறிப்பு அல்ல. கிரானைட் கற்பாளம், தாதுமணல், நிலக்கரி, தானியம் போன்றவற்றை நேரடியாகக் கப்பலில் ஏற்றும் வணிகத்தில் அது 1812இல் இருந்தது போலவே இன்றும் பொருத்தமானது. அங்கே சரக்கு உண்மையாகவே கப்பலில்தான் கைமாறுகிறது. கன்டெய்னர் சரக்குக்கு, ஒப்படைக்கும் முனையத்தின் பெயரையும் விதியின் ஆண்டையும் சேர்த்து எஃப்.சி.ஏ. என்று எழுதுவதே உண்மை நிலைக்கு ஒத்தது. அது கிடைக்காத இடத்தில் கப்பல் தளம் வரை சொந்தப் பாலிசி எடுப்பது கட்டாயம். எந்தக் குறிப்பைத் தேர்ந்தெடுத்தாலும் விலையைப் பார்ப்பதற்கு முன்பு ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: சரக்கு என் கட்டுப்பாட்டை விட்டுப் போகும் இடமும் என் பொறுப்பு முடியும் இடமும் ஒன்றுதானா? இரண்டும் வேறாக இருந்தால், நடுவில் உள்ள தூரத்துக்கு யார் விலை கொடுப்பது என்பதை ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.