கலை (ஆண் மான்)

கலை என்பது ஆண் மானைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். இன்று அது தனித்து வழங்குவதில்லை. 'கலைமான்' என்ற கூட்டில்தான் பிழைத்திருக்கிறது. வடமொழி 'கலா'விலிருந்து வந்த நுண்கலைக்கும் இதற்கும் உறவில்லை. மலையாளத்தில் 'கலமான்' உண்டு. கலைந்து ஓடுவதால் கலை என்று சிலர் விளக்குவர். கலைந்து ஓடுவது மந்தை முழுவதும்தானே. பெண் மானான பிணை மட்டும் நின்றுவிடுகிறதா என்ன?

தொல்காப்பிய மரபியல் இதற்கு வரம்பு கட்டுகிறது. புல்வாய் என்னும் மானின் ஆணுக்கு இரலை, கலை என இரண்டு பெயர்கள். உழை மானின் ஆணையும் கலை எனலாம்; முசுக் குரங்கின் ஆணுக்கும் அதே பெயர். பெண் பிணை, குட்டி மறி. இரலைக்கு இனமான 'எரளெ' கன்னடத்தில் உள்ளது. சங்கப் பாடல்களில் இரலையின் கொம்பு முறுக்கியது. தமிழகத்தில் அப்படிக் கொம்புள்ளது வெளிமான்தான். அதன் கடாவுக்கு வயது ஏற ஏற முதுகு கருக்கும். புள்ளிமானைப் போல் அது கொம்பை உதிர்ப்பதும் இல்லை. கிண்டியிலும் கோடியக்கரையிலும் இன்றும் பார்க்கலாம்.

கலையைக் கல்லில் காண வேண்டுமானால் தொண்டை மண்டலத்துக்கு வர வேண்டும். சிலப்பதிகார வேட்டுவ வரியில் கொற்றவைக்கு ஊர்தி கலைமான். பல்லவர் காலச் சிற்பிகள் அதை மறக்கவில்லை. மாமல்லபுரம் வராக மண்டபத்தில் அவள் தலைக்கு ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் மான். உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில் கிடைத்த கொற்றவைப் பலகைக் கற்களும் இம்மரபைச் சேர்ந்தவையே. எருமைத் தலைமேல் அம்மன் நிற்பாள்; சங்கும் சக்கரமும் கைகளில் இருக்கும்; இத்தகைய கற்களில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து முறுக்குக் கொம்போடு ஒரு மான் தலை எட்டிப் பார்க்கும். எண்ணெயும் மஞ்சளும் ஏறி வழவழத்த கல்லில் அந்தக் கொம்பைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். துர்க்கையம்மன் என்று பொங்கல் வைப்பவர்கள் பலர். மானைப் பற்றிக் கேட்பவர் அரிது. சிவன் கையில் துள்ளுவது மறி. அதையும் கொற்றவையின் கலையையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது.

பிற்காலத்தில் 'கலைமான்' ஆண் என்ற பொருளை இழந்து ஓர் இனத்தின் பெயராயிற்று. தமிழ் விவிலியத்தின் உபாகமம் 14ஆம் அதிகாரப் பட்டியலில் வெளிமானும் கலைமானும் புல்வாயும் தனித்தனி விலங்குகள். கடமானைக் கலைமான் என்பவர்களும் உண்டு. டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுப்பதும் கலைமான் என்றே பத்திரிகைகள் எழுதும். அந்தத் துருவ மானில் பெட்டைக்கும் கொம்பு உண்டு.