எண்ணப்படும் கழிப்பறைகள், எண்ணப்படாத மரணங்கள்: நீடித்த வளர்ச்சி இலக்குகளை மலக்குழியிலிருந்து வாசித்தல்

நிதி ஆயோக் 2024 ஜூலையில் வெளியிட்ட நீடித்த வளர்ச்சி இலக்குகள் குறியீட்டில் இந்தியா நூற்றுக்கு 71 மதிப்பெண் பெற்றது. 2018-இல் இது 57 ஆக இருந்தது. 'தூய்மையான குடிநீரும் துப்புரவும்' என்னும் ஆறாம் இலக்கில் மட்டும் மதிப்பெண் 63-இலிருந்து 89 ஆக உயர்ந்திருந்தது. தமிழ்நாடு ஒட்டுமொத்தமாக 78 மதிப்பெண்ணுடன் முன்னணி மாநிலங்களுள் ஒன்றாக நின்றது.

நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு அளித்த மற்றொரு கணக்கும் உண்டு. 2019 முதல் 2023 வரையிலான ஐந்தாண்டுகளில் பாதாளச் சாக்கடைகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் இறங்கி 377 பேர் உயிரிழந்துள்ளனர். 1993 முதல் தொகுக்கப்பட்ட மரணக் கணக்கில் முதலிடத்தில் இருப்பது தமிழ்நாடு.

இவ்விரு கணக்குகளும் ஒரே அரசின் கோப்புகளில் உள்ளவை. ஆயினும் ஒன்று மற்றொன்றின் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், அந்த இலக்குகளைக் களப்பணியில் எவ்வாறு பயன்படுத்துவது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இலக்குகளின் தன்மை

2015 செப்டம்பர் 25 அன்று ஐக்கிய நாடுகள் பொது அவை '2030 நிகழ்ச்சி நிரலை' ஏற்றுக்கொண்டது. அதில் 17 இலக்குகளும் 169 துணை இலக்குகளும் உள்ளன. ஒவ்வொரு துணை இலக்கின் முன்னேற்றத்தையும் அளக்கக் குறிகாட்டிகள் வகுக்கப்பட்டன. எவரையும் பின்தங்க விடுவதில்லை என்பதே நிகழ்ச்சி நிரலின் மைய வாக்குறுதி.

இது பன்னாட்டு உடன்படிக்கை அன்று. இலக்கு நிறைவேறவில்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க இயலாது. நாடுகள் தாமாக முன்வந்து ஐ.நா. உயர்நிலை அரசியல் மன்றத்தில் அறிக்கை அளிக்கின்றன. இந்தியா 2017-இலும் 2020-இலும் அவ்வாறு அளித்தது. ஆகவே இலக்குகளின் வலிமை அவை உருவாக்கும் கணக்கில்தான் உள்ளது. எது எண்ணப்படுகிறதோ அதற்கே நிதியும் ஆய்வும் அதிகாரிகளின் கவனமும் செல்கின்றன. எனவே எது எண்ணப்படுகிறது என்பது அரசியல் கேள்வியாகிறது.

ஆறாம் இலக்கு எதை அளக்கிறது?

துணை இலக்கு 6.2, அனைவருக்கும் போதிய துப்புரவு வசதியையும் திறந்தவெளியில் மலம் கழித்தலுக்கு முடிவையும் கோருகிறது. அதன் குறிகாட்டி, பாதுகாப்பாக மேலாண்மை செய்யப்படும் துப்புரவு வசதியைப் பயன்படுத்தும் மக்களின் விகிதம். நிதி ஆயோக்கின் குறியீடு வீட்டுக் கழிப்பறைகள், பள்ளிகளில் மாணவியருக்கான கழிப்பறைகள், தொழிற்சாலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு போன்றவற்றை அளந்து வந்துள்ளது. கழிப்பறையைப் பயன்படுத்துவோர் கணக்கில் வருகின்றனர். அதன் கழிவை அகற்றுவோர் எங்கும் வருவதில்லை.

தூய்மை இந்தியா இயக்கம் 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. ஐந்தாண்டுகளில் ஊரகப் பகுதிகளில் 10 கோடிக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டதாக அரசு அறிவித்தது. ஆனால் கழிப்பறை கட்டி முடித்ததும் துப்புரவுப் பணி முடிந்துவிடுவதில்லை. இரட்டைக் குழி முறையில் ஒரு குழி நிறைந்ததும் அதை மூடி மற்றொன்றைப் பயன்படுத்தலாம். மூடிய குழியிலுள்ள மலம் காலப்போக்கில் மட்கி உரமாகும். அதை அகற்றுபவர் பச்சை மலத்தைத் தொட வேண்டியதில்லை. ஒற்றைக் குழிக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் இவ்வாய்ப்பு இல்லை. அவை நிறையும், யாரேனும் காலி செய்தாக வேண்டும். உறிஞ்சு வாகனம் நுழைய முடியாத சந்துகளிலும், அடியில் சேறு இறுகிப்போன தொட்டிகளிலும் ஒரு மனிதர் இறக்கப்படுகிறார்.

அங்கே காத்திருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியில் தங்கும். செறிவு மிகும்போது நுகர்வுணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் இல்லை என நம்பி இறங்குபவர் சில நொடிகளில் மயங்குவார். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் வீழ்வார். ஒரே தொட்டியில் இருவர், மூவர் எனச் சாவதற்குக் காரணம் இதுவே. முகக்கவசத் துணியும் ரப்பர் கையுறையும் இதைத் தடுக்கா.

சாதி என்னும் விடுபட்ட சொல்

சமத்துவமின்மையைக் குறைத்தல் பற்றிய பத்தாம் இலக்கின் துணை இலக்கு 10.2, வயது, பாலினம், மாற்றுத்திறன், இனம், தோற்றம், மதம், பொருளாதார நிலை, பிற நிலை எனப் பட்டியலிடுகிறது. அங்குச் சாதி என்ற சொல் இல்லை. 169 துணை இலக்குகளிலும் அது இல்லை.

இதற்கு இரண்டு வாயில்கள் வழியே விடை காணலாம். முதலாவது, பன்னாட்டுச் சட்டம். இந்தியா 1968-இல் ஏற்புறுதி செய்த அனைத்து வகை இனப்பாகுபாட்டையும் ஒழிக்கும் உடன்படிக்கையில் 'வம்சாவளி' பாகுபாட்டின் அடிப்படைகளுள் ஒன்று. அது சாதியையும் உள்ளடக்கும் என அவ்வுடன்படிக்கைக் குழு 2002-இல் தன் 29-ஆம் பொதுப் பரிந்துரையில் தெளிவுபடுத்தியது. இந்திய அரசு இவ்விளக்கத்தை ஏற்காதபோதும், 'தோற்றம்', 'பிற நிலை' ஆகிய சொற்களைச் சாதியோடு சேர்த்து வாசிக்க இது உறுதியான அடிப்படை.

இரண்டாவது, துணை இலக்கு 17.18. வருமானம், பாலினம், இனம் முதலியவற்றோடு, அந்தந்த நாட்டுச் சூழலுக்குப் பொருத்தமான பிற பண்புகளின்படியும் தரவுகளைப் பிரித்துத் தர வேண்டும் என அது கூறுகிறது. இந்தியச் சூழலுக்குச் சாதியைவிடப் பொருத்தமான பண்பு எது? அரசின் தரவே இதற்குச் சான்று. 2013, 2018 ஆய்வுகளில் கையால் மலம் அள்ளுவோராக 58,098 பேர் அடையாளம் காணப்பட்டனர். சாதி விவரம் கிடைத்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர். நூற்றுக்கு 97 பேர். 'நமஸ்தே' திட்டத்தின்கீழ் 2024 வரை விவரம் பதியப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளருள் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர்; பொதுப் பிரிவினர் சுமார் 8 விழுக்காடு. சாதிவாரியாகப் பிரித்த தரவு வந்த இடத்திலெல்லாம் உண்மை வெளிப்பட்டுள்ளது.

மதிப்பெண் உயரும் விதம்

இலக்குகளை வாசிக்கும் மாணவர்கள் மூன்று கண்ணிகளைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பெயர் மாற்றம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைப்படி, சுகாதாரமற்ற கழிப்பறை, அதன் கழிவு சேரும் திறந்த வடிகால் அல்லது குழி, இருப்புப்பாதை போன்ற இடங்களில் மலத்தைக் கையால் அகற்றுபவரே 'கையால் மலம் அள்ளுபவர்'. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்குவது 'அபாயகரமான துப்புரவு' என்னும் தனிப் பிரிவில் வருகிறது. இவ்வேறுபாட்டைப் பற்றிக்கொண்டே, கையால் மலம் அள்ளுவதால் எவரும் இறக்கவில்லை என ஒன்றிய அரசு 2021-இல் நாடாளுமன்றத்தில் கூறியது. மரணம் நிகழ்ந்தது, தலைப்பு மட்டும் மாறிற்று.

இரண்டு, பகுதியில் இல்லாத மனிதர்கள். குறிகாட்டி 8.8.1 ஒரு லட்சம் தொழிலாளருக்கு எத்தனை பணியிட மரணங்கள் என்று கேட்கிறது. அன்றாடக் கூலிக்கு அழைத்து வரப்படும் துப்புரவுத் தொழிலாளியின் பெயர் எந்தப் பணிப்பதிவேட்டிலும் இல்லை. அவர் உயிரோடு இருக்கும்போது தொழிலாளராக எண்ணப்படுவதில்லை. இறந்தால் பணியிட மரணமாகவும் எண்ணப்படுவதில்லை.

மூன்று, புகார் இன்மை. நிதி ஆயோக் பத்தாம் இலக்கின்கீழ், பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்களின் விகிதத்தையும் ஒரு குறிகாட்டியாக வைத்தது. பதிவாகும் வழக்கு குறைந்தால் மதிப்பெண் கூடும். அதாவது, வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கும் காவல் நிலையம் தன் மாநிலத்தின் மதிப்பெண்ணை உயர்த்துகிறது. நேர்மையாகப் பதியும் நிலையம் அதைக் குறைக்கிறது. எனவே இக்குறிகாட்டியை, நீதி பெறும் வாய்ப்பைக் கோரும் துணை இலக்கு 16.3-உடன் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

சட்டத்தில் உள்ள கருவிகள்

இலக்கு அளவுகோலைத் தருகிறது. நிறைவேற்றும் ஆற்றல் சட்டத்திடமே உள்ளது. அரசமைப்பின் 17, 21, 23 ஆகிய உறுப்புகள் இங்கு அடித்தளம். களத்தில் அடிக்கடி தேவைப்படுபவை இவை:

• 2013-ஆம் ஆண்டு, கையால் மலம் அள்ளும் பணியில் அமர்த்துதலைத் தடைசெய்யும் மற்றும் மறுவாழ்வுச் சட்டம், பிரிவு 7: சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிகளின் அபாயகரமான துப்புரவுக்கு எவரையும் அமர்த்தக் கூடாது. பிரிவு 9: முதல் மீறலுக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்; மீண்டும் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. பிரிவு 22: குற்றம் பிணையில் விட இயலாதது. பிரிவு 33: நவீன எந்திரங்களைப் பயன்படுத்துவது உள்ளாட்சி அமைப்பின் கடமை.

• வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்தின்படி பிரிவு 3(1)(ஜே): பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மலம் அள்ளச் செய்வதும், அதற்கு அமர்த்துவதும், அமர்த்த அனுமதிப்பதும் குற்றம். புலனாய்வு அதிகாரி துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் கீழ் இருக்கக் கூடாது.

• உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்: 2014 மார்ச் 27 அன்று, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில், 1993 முதல் நிகழ்ந்த ஒவ்வொரு சாக்கடை மரணத்துக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு. 2023 அக்டோபர் 20 அன்று, பல்ராம் சிங் வழக்கில், இது 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம். 2025 ஜனவரியில், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் இந்நடைமுறைகளை நிறுத்துமாறு ஆணை.

நடைமுறையில், காவல்துறை பெரும்பாலும் 'கவனக்குறைவால் மரணம்' என்ற ஒற்றைப் பிரிவோடு நிறுத்திக்கொள்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 304-அ. இன்று பாரதிய நியாய சன்ஹிதா 106(1). முதல் தகவல் அறிக்கையில் மேற்கண்ட இரு சிறப்புச் சட்டங்களும் இடம்பெறாவிட்டால் அம்மரணம் வெறும் விபத்தாகவே பதிவாகும். சாதி மீண்டும் கணக்கிலிருந்து நழுவும். உடற்கூறாய்வுக்கு முன்பே பிரிவுகளைச் சரிபார்க்கக் கோருவது குடும்பத்தினருடன் நிற்போரின் முதற்பணி.

மாவட்ட அளவில் செய்யத்தக்கவை

ஒரு கல்லூரிக் குழுவோ இயக்கக் கிளையோ தன் மாவட்டத்துக்கென ஒரு மாற்று அறிக்கையைத் தயாரிக்க முடியும். அதற்கு ஐந்து கேள்விகள் போதும். ஐந்தையும் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

1. உள்ளாட்சியின் எல்லையில் எத்தனை கழிவுநீர்த் தொட்டிகள், ஒற்றைக் குழிகள் உள்ளன? எத்தனை உறிஞ்சு வாகனங்கள் உள்ளன? (இலக்கு 6)

2. நிரந்தர, ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர் எத்தனை பேர்? சாதி, பாலினவாரியாக எத்தனை? அவர்தம் ஊதியமும் காப்பீடும் என்ன? (இலக்குகள் 5, 8, 10)

3. 1993 முதல் நிகழ்ந்த மரணங்கள் எத்தனை? எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு இழப்பீடு, எந்நாளில் வழங்கப்பட்டது? (இலக்கு 8)

4. பதிவான வழக்குகள் எந்தெந்தச் சட்டப் பிரிவுகளில்? எத்தனையில் குற்றப்பத்திரிகை, எத்தனையில் தண்டனை? (இலக்கு 16)

5. மாவட்டக் கண்காணிப்புக் குழு எப்போதெல்லாம் கூடியது? கூட்டக் குறிப்புகளின் நகல் என்ன? (இலக்குகள் 10, 16)

ஐந்தாவது கேள்வியைக் கட்டாயம் சேருங்கள். 2013 சட்டத்தின் பிரிவு 24-இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான இக்குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். சமூகப் பணியாளர் நால்வர் வரை அதில் இடம்பெறலாம். அவருள் இருவர் பெண்களாக இருக்க வேண்டும். அந்த இடங்கள் நிரப்பப்பட்டுள்ளனவா எனக் கேட்பதே பல மாவட்டங்களில் முதல் அசைவை உண்டாக்கும்.

ஊரகப் பகுதிகளில் கிராம சபையும் ஒரு களம். ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் இலக்குகளை ஒன்பது கருப்பொருள்களாகத் தொகுத்து, ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கச் சொல்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில், 'தூய்மையான பசுமை ஊராட்சி' என்ற கருப்பொருளின்கீழ் உறிஞ்சு வாகன ஏற்பாட்டையும் ஒற்றைக் குழிகளை இரட்டைக் குழிகளாக மாற்றுவதையும் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.

மறுவாழ்வையும் இதே அறிக்கை அளக்க வேண்டும். உலர் கழிப்பறைகளில் மலம் அள்ளியவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்; சாக்கடையில் இறந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அம்மரணங்களுக்குப் பின் குடும்பத்தைச் சுமப்பவரும் பெண்ணே. இழப்பீடு அவர் கைக்கு வந்ததா, பிள்ளைகளின் படிப்பு தொடர்ந்ததா, அடுத்த தலைமுறை அதே வேலைக்கு அழைக்கப்பட்டதா என்ற மூன்று கேள்விகளும் அறிக்கையின் இறுதிப் பக்கத்தில் இடம்பெறட்டும்.

2030-க்கான இறுதி அறிக்கைகளை எல்லா அரசுகளும் எழுதும். அப்போது ஒவ்வொரு மாவட்டத்திலும், பெயரும் நாளும் சட்டப் பிரிவும் கொண்ட நம் கணக்கு ஒன்று இருந்தால், ஆறாம் இலக்கின் மதிப்பெண்ணுக்கு அருகில் அதை வைத்துப் பதில் கேட்க முடியும். அதற்கான முதல் விண்ணப்பத்தை இவ்வாரமே அனுப்பலாம்.