எரித்தவர் மறைந்தனர், ஏடு நின்றது!

1734-ம் ஆண்டு. பாரிஸ் நகரில் ஒரு புத்தகத்துக்குத் தண்டனை! வால்டேர் தீட்டிய 'தத்துவக் கடிதங்கள்' எனும் ஏட்டைக் கிழித்துத் தீயிலிடுக என்று நீதிமன்றம் ஆணையிட்டது. கொலைத்தண்டனை நிறைவேற்றும் ஊழியனே அதைச் செய்து முடித்தான். 1778-ல் வால்டேர் மறைந்தபோது, பாரிஸில் அவரை அடக்கம் செய்ய ஆறடி நிலமும் தர மறுத்தது திருச்சபை.

அந்த வால்டேரின் இதயம் எங்கே இருக்கிறது, தெரியுமா? பிரெஞ்சு நாட்டின் தேசிய நூலகத்தில்! அவருடைய உருவச்சிலையின் பீடத்துக்குள் 1864 முதல் காக்கப்பட்டு வருகிறது. ஏட்டை எரித்த நாடு, எழுதியவனின் இதயத்தைப் போற்றுகிறது! இம்மாறுதல் எங்ஙனம் விளைந்தது? அந்நூலகத்தின் வரலாறே விடை கூறும்.

1368-ல் ஐந்தாம் சார்லஸ் மன்னன், லூவர் அரண்மனைக் கோபுரத்தில் ஏடுகளைச் சேர்த்து வைத்தான். தொடக்கம் அதுதான். 1537-ல் முதலாம் பிரான்சிஸ், நாட்டில் அச்சாகும் நூல் எதுவாயினும் அரசுக்கு ஒரு படி தந்த பிறகே விற்கலாம் என்று சட்டம் செய்தான். பிற நாடுகளுக்கு வழிகாட்டிய நல்ல சட்டம், மறுக்கவில்லை நாம். ஆனால் குவிந்த ஏடு யாருடையது? மன்னனுடையது! அறிஞர் சிலருக்குக் கதவு சற்றே திறந்ததுண்டு. அது அருள், உரிமையன்று. வரி செலுத்திய உழவனின் மகனுக்கோ எழுத்தே எட்டாத கனி.

1789-ல் புரட்சி வெடித்தது. திருச்சபையின் சொத்து தேசத்தின் சொத்தாயிற்று. மடங்களில் முடங்கிய ஏடுகளும், ஓடிப்போன பிரபுக்களின் மாளிகைகளில் அழகுப்பொருளாய் நின்ற ஏடுகளும் மக்களுடைமையாயின. 'மன்னர் நூலகம்' 'தேசிய நூலகம்' ஆயிற்று. சுதந்திரத்தின் பெயரால் பழைய சட்டத்தை நீக்கிய புரட்சிக்காரரே, 1793-ல், எழுத்தாளனின் உரிமையைக் காக்கும் சட்டமாக அதைப் புதுப்பித்தனர்.

அச்சு நூல்கள் மட்டும் இன்று அங்கே ஒரு கோடிக்கும் மேல்! ஆண்டவர் வெறுத்த நூலும் அங்குண்டு. போற்றிய நூலும் அங்குண்டு. 2022 முதல், பழைய கட்டடத்தின் நீள்வட்டப் படிப்பு மண்டபத்தில் எவரும் கட்டணமின்றி அமரலாம்.

நம் ஓலைகளும் அங்கே உள்ளன. புதுச்சேரியில் பணியாற்றி, குறளின் பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்த அரியேல் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் அவை. இங்கோ, ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விடுவதைப் புண்ணியம் என்றனர்! அவர்கள் தீயிலிட்டனர், நாம் நீரிலிட்டோம். அவர்கள் திருந்தினர்.

பிடித்ததை மட்டும் காப்பது பூசை அறை. பிடிக்காததையும் காத்து, பிறப்புக் கேளாமல் எவர்க்கும் தருவதே நூலகம். நம் ஊர்ப் படிப்பகம் ஒவ்வொன்றும் அப்படி ஆகட்டும் என்கிறோம்.