ஸர்ஃகிலிருந்து திரும்பிய கலீஃபா

பாலஸ்தீனத்து அம்வாஸ் என்னும் சிற்றூரின் பெயரால் இஸ்லாமிய வரலாறு ஒரு கொள்ளைநோயை நினைவில் வைத்திருக்கிறது. ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) ஷாம் தேசமெங்கும் பரவிய அந்நோய்க்கு 25,000 பேர் பலியாயினர் என்பது மரபுவழிச் செய்தி.

ஷாமை நோக்கிப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்களை ஸர்ஃக் என்னுமிடத்தில் எதிர்கொண்ட தளபதி அபூ உபைதா (ரலி) அவர்களும் பிறரும் நோய்ச் செய்தியை அறிவித்தனர். கலீஃபா தனித்து முடிவெடுக்கவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார், கருத்து பிளவுபட்டது. அன்ஸாரிகளிடமும் அவ்வாறே. குறைஷி முதியோர் மட்டும் திரும்பிச் செல்வதே நன்று என ஒருமித்துக் கூறினர். மறுநாள் காலை திரும்புவதாக உமர் (ரலி) அறிவித்தார்.

இறைவிதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) வினவினார். ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்பது கலீஃபாவின் விடை. பள்ளத்தாக்கின் செழித்த சரிவில் ஒட்டகத்தை மேய்ப்பதும் வறண்ட சரிவில் மேய்ப்பதும் விதிக்கு உட்பட்டவையே என அவர் விளக்கினார்.

அப்போது அங்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையை எடுத்துரைத்தார். நோயுள்ள ஊருக்குள் நுழையலாகாது. நாம் இருக்கும் ஊரில் நோய் தோன்றினால் அதற்கஞ்சி வெளியேறவும் கூடாது. புகாரியும் முஸ்லிமும் பதிவுசெய்துள்ள இந்நபிமொழியின் முற்பகுதி தன்னுயிரைக் காக்கிறது. பிற்பகுதியோ, தப்பிச் செல்லும் தனிமனித உரிமையைப் பிறர் நலன் கருதி நிறுத்திவைக்கிறது. கடினமானது இரண்டாவதே.

அதை அபூ உபைதா (ரலி) வாழ்ந்து காட்டினார். அவரைக் காப்பாற்ற விழைந்த கலீஃபா, அவசரப் பணி இருப்பதாகக் கூறி மதீனாவுக்கு வருமாறு மடல் எழுதினார். உள்நோக்கத்தை உணர்ந்த தளபதி, தம் படையினரைப் பிரிந்துவர மனமின்றி மறுத்தார். மடலைப் படித்த உமர் (ரலி) கண்கலங்கினார் என்பர். ஆயினும் அவர் அத்துடன் நிற்கவில்லை. மக்களைத் தாழ்நிலத்திலிருந்து மேட்டுநிலத்துக்குக் கொண்டுசெல்லுமாறு மீண்டும் எழுதினார். அபூ உபைதாவும், அவருக்குப்பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபலும் (ரலி) அந்நோயிலேயே மறைந்தனர்.

2020இல் பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, ஹஜ்ஜும் மிகச் சிலருடன் நடந்தபோது, அபூ உபைதாவின் கேள்வி நம் வீடுகளிலும் எழுந்தது. கேட்டவரின் ஈமானை உமர் (ரலி) ஐயுறவில்லை. உள்ளே இருப்போர் வெளியேறாதிருப்பது கடமையென்றால், அவர்களைக் கைவிடாதிருப்பது வெளியே இருப்போரின் கடமை. அந்த இரண்டாம் மடல் உணர்த்துவது இதனையே.