எரிமலைப் பாறைக்கு அடியில் ஒரு விண்கல் பள்ளம்

தென்கிழக்காசியாவில் ஏறத்தாழ 790,000 ஆண்டுகளுக்கு முன்பு பெரிய விண்கல் ஒன்று மோதியது. அது உண்டாக்கிய பள்ளத்தை அறிவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடினர்.

சிங்கப்பூருக்கு வடக்கே சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவில், தெற்கு லாவோசின் பொலவென் பீடபூமிக்கு அடியில் அது புதைந்திருக்கலாம் என்று 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறியது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் சிங்கப்பூர் புவி ஆய்வகத்தின் பேராசிரியர் கெரி சீ அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கினார்.

பள்ளம் உருவாகும் விதம்

பெரிய விண்கல் விநாடிக்கு 11 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் வந்து மோதும். அந்த வேகத்தின் ஆற்றல் நொடிப்பொழுதில் அதிர்வலையாகவும் வெப்பமாகவும் மாறி வெடிக்கிறது. விண்கல்லின் பெரும்பகுதி ஆவியாகிவிடும்.

வெடிப்பு எல்லாத் திசைகளிலும் பரவுவதால், விண்கல் சாய்வாக வந்தாலும் பள்ளம் பெரும்பாலும் வட்டமாகவே அமையும். மகாராஷ்டிராவில் உள்ள லோனார் ஏரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் விட்டம் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர்.

கறுப்புக் கற்கள் தந்த துப்பு

மோதலில் உருகிய மண்ணும் பாறையும் வானில் தெறித்து, குளிர்ந்து, கண்ணாடிபோன்ற கறுப்புக் கற்களாக விழுந்தன. ‘டெக்டைட்’ எனப்படும் இவை தென்கிழக்காசியா முதல் ஆஸ்திரேலியா வரை கிடைக்கின்றன. பெரிய கற்கள் லாவோஸ், தாய்லாந்து, வியட்னாம் வட்டாரத்தில் அதிகம் கிடைப்பதால் தேடல் அங்கே குவிந்தது.

பொலவென் பீடபூமியை மூடியுள்ள எரிமலைப் பாறை சில இடங்களில் 300 மீட்டர் வரை தடிமன் கொண்டது. அதனால் ஆய்வுக் குழு 400க்கும் மேற்பட்ட இடங்களில் புவியீர்ப்பை அளந்தது. நொறுங்கிய கற்கள் நிரம்பிய பள்ளத்தின் அடர்த்தி குறைவு என்பதால், அதற்கு மேலே ஈர்ப்பும் சற்றுக் குறையும்.

அளவீடுகள் சுமார் 13 கிலோமீட்டர் அகலமும் 17 கிலோமீட்டர் நீளமும் கொண்ட பள்ளத்தைச் சுட்டின. அருகிலேயே சிதறிக் குவிந்த மணற்பாறைத் துண்டுகளும் காணப்பட்டன.

இன்னும் முடிவாகவில்லை

நிலவின் பள்ளங்கள் நெடுங்காலம் நிலைக்கின்றன. பூமியிலோ மழையும் ஆறும் எரிமலைக் குழம்பும் அவற்றை அழித்துவிடுகின்றன. இங்கு உறுதிசெய்யப்பட்டவை ஏறத்தாழ 200 மட்டுமே.

பொலவென் அந்தப் பட்டியலில் இன்னும் சேரவில்லை. பள்ளம் வேறிடத்தில் இருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. காப்பித் தோட்டங்கள் நிறைந்த அந்தப் பீடபூமியைத் துளையிட்டு, அடியில் உள்ள பாறையை எடுத்துச் சோதித்தால்தான் ஐயம் தீரும்.