பனி ஹாக்கி நிகழ்பட ஆட்டங்களில் களைப்பும் உந்தமும்

பனி ஹாக்கியை அடிப்படையாகக் கொண்ட நிகழ்பட ஆட்டங்களில் (வீடியோ கேம்) ஆட்டக்காரர்களின் திறனை நொடிக்கு நொடி மாற்றும் கணக்குகளுள் களைப்பும் உந்தமும் முதன்மையானவை. களைப்பு, ஓடி ஓய்ந்த ஆட்டக்காரரின் வேகத்தைக் குறைக்கும். உந்தம் என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள் உண்டு. ஒன்று, பனியில் சறுக்கிச் செல்லும் உடலின் நிறையும் வேகமும் சேர்ந்த இயற்பியல் உந்தம். மற்றொன்று, ஆட்டத்தின் போக்கு ஓர் அணியின் பக்கம் சாய்கிறது என்னும்போது குறிக்கப்படும் உத்வேகம். இக்கணக்குகள் வளர்ந்த வரலாற்றில் ஒரு கேள்வி தொடர்ந்து வருகிறது: வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது விளையாடுபவரின் கையா, அவர் காணாத ஓர் எண்ணா?

உண்மை ஆட்டத்தில் களைப்பு

ஹாக்கி என்றதும் தமிழ் வாசகர்களுக்குப் புல்தரை ஆட்டமே நினைவுக்கு வரும். இங்கு பேசப்படுவது கனடாவிலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் குளிர்நாடுகளிலும் செல்வாக்குப் பெற்ற பனி ஹாக்கி. இதில் ஓர் அணிக்குக் கோல்காப்பாளர் உட்பட 6 பேர் களத்தில் இருப்பர். பக் எனப்படும் ரப்பர் வட்டை எதிரணியின் வலைக்குள் அடிப்பதே நோக்கம். ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறும்.

முழு வேகத்தில் சறுக்குவது உடலை விரைவில் தளரவைக்கும். அதனால் ஓர் ஆட்டக்காரர் ஏறத்தாழ 45 நொடிகள் ஆடிவிட்டு வெளியேற, ஆட்டம் நிற்காமலேயே மற்றொருவர் உள்ளே வருவார். களைப்பு இவ்விளையாட்டின் விதிகளிலும் இடம்பெற்றுள்ளது. தற்காப்பில் திணறும் அணி வட்டை மறுமுனைக்கு அடித்துவிட்டு மூச்சுவாங்கும் உத்தியைக் கட்டுப்படுத்த, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் (என்எச்எல்) 2005-06 பருவத்தில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. அதன்படி, விதிமீறலாக வட்டை நீளமாக அடித்த அணி அடுத்த தொடக்கத்துக்கு ஆட்டக்காரர்களை மாற்ற முடியாது. களைத்தவர்கள் களத்திலேயே நிற்க வேண்டும்.

தொடக்க கால ஆட்டங்கள்

1981-இல் ஆலன் மில்லர் வடிவமைத்து, ஆக்டிவிஷன் நிறுவனம் அட்டாரி 2600 கருவிக்கு வெளியிட்ட 'ஐஸ் ஹாக்கி' ஆட்டத்தில் அணிக்கு இருவர் மட்டுமே இருந்தனர். மாற்றி இறக்க ஆளில்லாத இடத்தில் களைப்புக் கணக்குக்கு வேலையில்லை.

நின்டெண்டோவின் 1988ஆம் ஆண்டு 'ஐஸ் ஹாக்கி' உடல் எடையை ஆட்டத்தின் மையமாக்கியது. விளையாடுபவர் ஒல்லி, நடுத்தரம், பருமன் என்ற மூன்று உடல்வாகுகளிலிருந்து தம் அணியைத் தேர்ந்தெடுக்கலாம். ஒல்லியானவர் வேகமாகச் சறுக்குவார். மோதினால் எளிதில் விழுவார். பருமனானவர் மெதுவாக நகர்வார். அவரது அடி வலிமையானது, அவரைச் சாய்ப்பதும் கடினம். எதைப் பெற எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவு விளையாடுபவரிடமே இருந்தது.

ஆற்றல் பட்டையின் வருகை

எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1991-இல் சேகா ஜெனிசிஸ் கருவிக்கு 'என்எச்எல் ஹாக்கி' ஆட்டத்தை வெளியிட்டது. அதே தொடரில் 1993-இல் வந்த 'என்எச்எல் 94' இன்றும் பலரால் விரும்பி ஆடப்படுகிறது. இதில் ஆட்டக்காரர் குழுக்களை மாற்றும் வசதியை இயக்கினால் களைப்பும் கணக்கில் சேரும். குழுக்களின் மீதமுள்ள ஆற்றலைப் பட்டைகள் காட்டும். அவ்வசதியை அணைத்துவிட்டால் அணியின் சிறந்த ஐவரே சோர்வின்றி இறுதிவரை ஆடலாம்.

இந்தத் தெரிவு வடிவமைப்பாளர்களின் ஓர் இக்கட்டைக் காட்டுகிறது. வீட்டில் ஆடுபவர்கள் 20 நிமிடப் பகுதியை 5 நிமிடமாகச் சுருக்கியும் ஆடுவர். களைப்பு உண்மை வேகத்தில் ஏறினால், அந்தக் குறுகிய நேரத்தில் அதன் விளைவு தெரியாது. விரைவுபடுத்தினால், விருப்பமான நட்சத்திர ஆட்டக்காரர் சில நொடிகளிலேயே தளர்ந்துபோவார். உண்மைத்தன்மைக்கும் விளையாட்டின் இன்பத்துக்கும் இடையே எங்கே கோடு போடுவது என்பதைப் பல ஆட்டங்கள் விளையாடுபவரின் தெரிவுக்கே விட்டன.

பனியில் உடலின் உந்தம்

ஓடும் மனிதனைப் போலச் சறுக்குபவர் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. ஆயினும் பழைய ஆட்டங்களில் பொத்தானை அழுத்திய திசையில் உடனே திரும்ப முடிந்தது. 'என்எச்எல் 94'-இன் ஜெனிசிஸ் பதிப்பில் எடைக் கணக்கு தலைகீழாகச் செயல்பட்டது. எடை குறைந்த ஆட்டக்காரர்கள் கனமானவர்களை எளிதாக வீழ்த்தினர். ரசிகர்களிடையே எடைப் பிழை என்று அறியப்படும் இக்கோளாறைக் கண்டுகொண்டவர்கள், அதற்கேற்பவே தம் அணிகளை அமைத்தனர்.

2012-இல் வெளிவந்த 'என்எச்எல் 13' சறுக்கலை இயற்பியல் விதிகளுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தது. முழு வேகத்தில் செல்பவர் சட்டென்று திரும்பவோ நிற்கவோ இயலாது. வளைந்து, வேகத்தை இழந்து, மீண்டும் திரட்ட வேண்டும். வேகம் பலமாக இருந்ததோடு, திசைமாற்றத்துக்குத் தடையாகவும் ஆனது.

உத்வேகம் என்னும் சிக்கல்

மனம் சார்ந்த உத்வேகத்தைக் கணக்காக்குவது கடினம். 1993-இல் வந்த கூடைப்பந்து ஆட்டமான 'என்பிஏ ஜாம்', தொடர்ந்து மூன்று முறை கூடையில் பந்தைப் போட்டவரின் பந்து தீப்பற்றி எரிவதாகக் காட்டி, அவருக்குக் கூடுதல் திறனும் கொடுத்தது. அவ்வழியில் மிட்வே நிறுவனத்தின் 'என்எச்எல் ஹிட்ஸ்' தொடரும் ஆட்டக்காரர்களைத் தீப்பற்ற வைத்தது. 'என்எச்எல் 94' ஆட்டத்துக்கு ஆட்டம் ஆட்டக்காரர்களின் திறனைச் சற்று ஏற்றியும் இறக்கியும் அமைத்தது.

இத்தகைய தொடர் வெற்றி மனநிலை உண்மையில் உண்டா என்பதே ஆய்வுக்குரியது. கிலோவிச், வலோன், டிவெர்ஸ்கி ஆகியோர் 1985-இல் கூடைப்பந்துத் தரவுகளை ஆராய்ந்து, அது பார்வையாளரின் மாயை என்றனர். மில்லர், சான்ஹுர்ஹோ ஆகியோர் 2018-இல் வெளியிட்ட கட்டுரை, அந்த ஆய்வுமுறையிலேயே ஒரு புள்ளியியல் சாய்வு இருப்பதைச் சுட்டிக்காட்டியது.

நிகழ்பட ஆட்டத்தில் இக்கேள்வி நம்பிக்கையைத் தொடுகிறது. முன்னிலையில் இருக்கும்போது எளிய வாய்ப்புகள் தவறி, எதிரணியின் அடியெல்லாம் கோலானால், கணினி வேண்டுமென்றே ஆட்டத்தைச் சமன்செய்கிறது என்ற ஐயம் எழும். 2020-இல் கலிபோர்னியாவில் மூவர் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மீது வழக்குத் தொடர்ந்தனர். ஹாக்கி உள்ளிட்ட அதன் விளையாட்டுத் தொடர்களில், ஆட்டத்தின் கடினத்தன்மையை மறைமுகமாக மாற்றும் நுட்பம் பயன்படுவதாக அவர்கள் கூறினர். நிறுவனம் அதை மறுத்தது. தொழில்நுட்ப விவரங்களையும் அளித்தது. 2021-இல் வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

வெளிப்படையான கணக்கு

2023-இல் வெளியான 'என்எச்எல் 24' களைப்பையும் உத்வேகத்தையும் ஒரே அமைப்பில் இணைத்தது. எதிரணியின் பகுதியில் வட்டைத் தக்கவைத்து ஆடும் அணிக்கு அழுத்த அளவி நிரம்பும். அது நிரம்பியதும் தாக்குபவர்கள் வலுப்பெற, தற்காப்பவர்கள் விரைவில் தளர்வர். அடுத்தடுத்து அடிகளைத் தடுக்கும் கோல்காப்பாளரும் களைத்துப்போவார். எனவே உத்வேகம் என்பது திடீரென வரும் அதிர்ஷ்டமாக அல்லாமல், களத்தில் செய்த செயலின் விளைவாகக் காட்டப்படுகிறது. தற்காக்கும் அணியும் வட்டை வெளியேற்றி அழுத்தத்தை உடைக்கலாம்.

1990களின் ஆற்றல் பட்டை முதல் இன்றைய அழுத்த அளவி வரை, களைப்புக் கணக்கு பெரும்பாலும் விளையாடுபவர் பார்த்து முடிவெடுக்கக்கூடியதாகவே இருந்துள்ளது. தம் ஆட்டக்காரர் ஏன் தளர்ந்தார் என்று தெரிந்தவர், தோற்றாலும் அடுத்த முறை நேரத்தில் ஆளை மாற்றக் கற்றுக்கொள்கிறார். காரணம் தெரியாமல் தோற்றவருக்கோ, ஆட்டத்தின் மீதே ஐயம் எழுகிறது.